பிரிபடாத இருநூற்று அறுபத்தொரு சதுரடி

ராமசாமியின் தலையில் அந்த எண்ணத்தை ஏற்றிவிட்டது நான்தான் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். கள்ளக்குறிச்சி பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு நாற்பது விதமாக விளக்கம் சொல்கிறவள். அதில் ஒரு வார்த்தையை ஒரு மனிதர் இப்படி நெஞ்சில் முடிந்துகொள்வார் என்று நான் என்ன ஜோசியமா கண்டேன்? ஆனாலும் ஏற்றிவிட்டது நான்தான். அதை மறுக்கவில்லை. நான் முதலில் சொன்னது தப்பா, பிறகு மாற்றிச் சொன்னது தப்பா என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எங்கள் கட்டடத்துக்கு வாசலில் பித்தளை எழுத்தில் நாகரிகமாக ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த ஷேர் ஆட்டோக்காரருக்கும் தெரியாது. 'அஞ்சு மாடி' என்று சொன்னால் கொண்டுவந்து விடுவார்கள். கீழே வண்டி நிறுத்துகிற இடம், அதற்கு மேல் நான்கு மாடி, மாடிக்கு ஐந்து வீடாக இருபது வீடு. எண்ணிப் பார்த்தால் நான்கு மாடிதான் வருகிறது. ஐந்தாவது எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அதற்கு முன் அந்த இடம் ஒரு ரைஸ் மில்லின் களம். நெல் அவித்துக் காயப்போடுவார்கள். பன்னிரண்டு சென்ட். மில் நொடித்து, வாரிசுகள் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் சேலத்துக்காரர் ஒருவர் வாங்கி 2014இல் கடைக்கால் தோண்டினார். அப்போது நாங்கள் மாவட்டமெல்லாம் இல்லை, விழுப்புரத்தின் ஒரு மூலை. "இந்த ஊர்ல எவன்யா அந்தரத்துல வூடு வாங்குவான்?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் கட்டடம் எழும்பி நின்றது. இருபது வீடும் விற்றது. சிரித்தவர்களில் இரண்டு பேர் முதல் மாடியில் வாங்கினார்கள்.

லிஃப்ட் வந்ததுதான் பெரிய கூத்து. ஊரிலேயே குடியிருக்கிற வீடுகளுக்கு வந்த முதல் லிஃப்ட் என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம். உண்மையா என்று யாரும் சரிபார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் சங்கராபுரம், சின்னசேலத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் அதில் ஏறிப் பார்க்கவே வருவார்கள். ஒருமுறை நிச்சயதார்த்தத் தட்டோடு ஏழு பெண்கள் ஏறி, கரண்ட் போய், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டார்கள். நல்ல நேரம் உள்ளேயே முடிந்துபோனது. நிச்சயதார்த்தம் நல்ல நேரத்தில் நடந்த கணக்கா இல்லையா என்று அந்தக் குடும்பத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 2019இல் மாவட்டம் வந்தது, உத்தியோகஸ்தர்கள் வாடகைக்கு வந்தார்கள், பைபாஸ் பக்கம் ஏழு மாடி எழும்பியது. நாங்கள் பழைய கட்டடம் ஆகிவிட்டோம்.

நான் இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கினேன். இருபது பத்திரத்தையும் எழுதியவள் நான். அதில் ஒன்று என் பெயரில். நான்காவது மாடியில் ஒன்று ராமசாமியின் பெயரில்.

ராமசாமிக்குத் தியாகதுருகம் பக்கத்தில் ஊர். நான்கு ஏக்கரில் கரும்பும் மரவள்ளியும் வைத்துக்கொண்டிருந்தவர். ரோடு அகலம் பண்ணும்போது நிலத்தில் பாதி போய், அந்தப் பாதியில் கிணறும் சேர்ந்து போய்விட்டது. கிணறு இல்லாத மீதி நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனைவி தங்கமணிக்கு முழங்கால் வலி. ஒரே மகள் மணிமொழிக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. லிஃப்ட் இருக்கிற வீடு என்றதும் தங்கமணிதான் பிடிவாதமாக நின்று வாங்க வைத்தாள்.

பத்திரம் பதிந்த அன்று என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் படிக்கப் படிக்க விரல் மடக்கிக் கேட்டார். படித்து முடித்ததும், "ஏம்மா, வூடு மேல இருக்குது, சரி. மண்ணு எங்க இருக்குது?" என்றார்.

"பன்னண்டு சென்ட்டுல உங்களுக்கு இருநூத்தி அறுபத்தோரு சதுரடிங்க, ஐயா."

"அதான் எந்தப் பக்கம்னு கேக்கறேன். கெழக்கயா, மேக்கயா? கல்லு நட்டுருக்காங்களா?"

"கல்லு நட முடியாதுங்க. அது பிரிபடாத பாகம். எல்லா எடத்துலயும் எல்லாருக்கும் பங்கு."

"எல்லா எடத்துலயும் எல்லாருக்கும்னா, அப்ப எனக்குன்னு எங்க?"

எனக்கு வரிசையில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ராகுகாலம் பத்தரைக்கு. "உங்க ஊர்ல கூட்டுப் பட்டா இல்லீங்களா? பெரியப்பா மவன், சித்தப்பா மவன் எல்லாம் பாகம் பிரிக்காம ஒரே பட்டாவுல இருப்பாங்க இல்ல? அந்த மாதிரிதான்னு வெச்சுக்கோங்க. இருபது பேரும் பங்காளிங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அட, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பக்கத்தில் பங்காளி என்பது சும்மா இல்லை. நிலத்தை விற்பதானால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. பங்காளி செத்தால் தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை அந்தக் கூட்டத்தில் ஒரு வீட்டிலும் நல்ல காரியம் கிடையாது. நான் பட்டாவை மட்டும் மனசில் வைத்துச் சொன்னேன். அவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்.

குடிவந்த வாரமே இருபது வீட்டுக்கும் வேர்க்கடலை வந்தது. சரி, நல்ல மனுஷர் என்று வாங்கிக்கொண்டோம். அப்புறம் காலிங்பெல் அடிக்காமல் உள்ளே வர ஆரம்பித்தார். முதல் மாடியில் இருக்கிற நர்ஸ் தனுஷா ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், ராமசாமி அவள் வீட்டு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் புருஷனுக்குக் காய்ச்சலாம், அதனால் வந்தாராம். "பங்காளி வூட்டுல ஒடம்பு சரியில்லன்னா வராம இருக்க முடியுமா?" என்றாராம். அவள் எனக்குப் போன் போட்டுக் கத்தினாள். கட்டடத்து வீட்டுக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர் நான்தானே, வேறு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது.

நான் ஐயா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "பெரியப்பான்னு கூப்புடு. மொறை அதான்." கூப்பிட்டேன். கூப்பிட்டால் என்ன, வாயா வலிக்கப்போகிறது? ஒரு வருடத்தில் அது பழகிப்போய், அவரை வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை.

முதல் மாடிப் பையனும் நான்காவது மாடியில் வேறொரு வீட்டுப் பெண்ணும் காதலித்தபோது இரண்டு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். இவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணன் தங்கச்சி மொறைடா, அடுக்குமா?" என்று அந்தப் பையனை லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டிருக்கிறார். ஒருவர் வீட்டை விற்கப் போனபோது, "பங்காளிங்கள ஒரு வார்த்த கேக்கல" என்று ஆபீஸ் வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "பெரியப்பா, நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல" என்று ஆரம்பிப்பேன். அவர் கேட்டுக்கொள்வார். ஊம் கொட்டுவார். மறுநாள் மறுபடி வேர்க்கடலைப் பையோடு நிற்பார். அவரைப் பைத்தியம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, புத்திசாலி என்று சொல்லவும் வழியில்லை.

அவருக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில், வேடியப்பன் இருந்தார். கல்வராயன் மலைக்காரர், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். முப்பது வருடம் மலையில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து ஓய்வு பெற்றவர். மனைவி குஞ்சம்மாளுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இந்த வீட்டை வாங்கினார். அந்த அம்மாள் இரண்டு வருடம் இருந்து போய்ச் சேர்ந்தார். மகன் வீரமணி குவைத்தில். மனுஷர் தனியாகவே இருந்தார். பேச்சு ரொம்பக் கம்மி. வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார்.

இந்த இரண்டு பேருக்கும் சண்டை. ராமசாமி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கசிந்து வேடியப்பன் வீட்டுக் கூரையில் சொட்டியது. வேடியப்பன் மேலே போய்ச் சரி பண்ணச் சொன்னார். "எனக்குத் தரை, உனக்குக் கூரை. ரெண்டு பேருக்கும் பொதுதானே? நீயும் பாதி ஆளக் கூப்புடு" என்றார் ராமசாமி. பாதி ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று வேடியப்பன் என்னிடம் வந்து கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பேச்சு முற்றிப்போய் இரண்டு பேரும் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பதினோரு மாதம். "இப்பதான்டி நெசமான பங்காளி ஆயிருக்காங்க" என்று தங்கமணி சிரித்தாள்.

போன வருடம் ஆனி மாதம். மணிமொழிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. செவ்வாய் தோஷம், நிறம், படிப்பு, உயரம் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்லிப் பதினாலு வரன் திரும்பிப் போயிருந்தது. பதினைந்தாவதாக மூங்கில்துறைப்பட்டிலிருந்து சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். பொறுமையான பையன். அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. அதை விட்டால் ஆடி. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் காத்திருக்குமா என்ற பயத்தில் தங்கமணி ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ராமசாமியின் குரல் படிக்கட்டில் கேட்டது. "எம்மா ஜெயசுதா! ஓடியா!" ஓடினேன். வேடியப்பன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவில் இரண்டு பால் பாக்கெட் தொங்கியது. "நேத்து பாலையே எடுக்கல" என்றார். பேச்சு நின்றுபோன அத்தனை மாதமும் இந்த மனுஷர் தினமும் படியில் இறங்கும்போது அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாட்ச்மேனும் அவரும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். வேடியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். தனுஷா வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் வந்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். குவைத்திலிருந்து வீரமணி போனில் அழுதான். விமானம் பிடித்து வர இரண்டு நாள் ஆகும், ஊருக்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள், சித்தப்பாவைக் கீழே அனுப்புகிறேன் என்றான்.

ராமசாமி அந்த வீட்டு வாசலில் அப்படியே குந்தி உட்கார்ந்தார். "கல்யாணத்த நிறுத்தணும்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. தங்கமணிக்கு உடனே புரிந்துவிட்டது. முழங்கால் வலியோடு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி என் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பங்காளி செத்தா பதினாறு நாள் தீட்டுங்கறாரு. மாப்ள வூட்டுக்குப் போன் போடப் போறாராம். நான் கத்திப் பாத்துட்டேன், கால்ல வுழுந்தும் பாத்துட்டேன். அன்னிக்கு அவரு மண்டையில இத ஏத்தனவ நீ. நீயே எறக்கிவுடு. எம்பொண்ணு வாழ்க்கடி அது."

"பெரிம்மா, நான் சொன்னா கேப்பாரா?"

"நீ சொன்னாதான் கேப்பாரு. பத்திரம் எழுதனவ நீதானே!"

மணிமொழி மேலே தன் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் என் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். கையில் மருதாணி. என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் எதையாவது கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ராமசாமி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்தார். அவர் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன். கோர்ட்டில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தேன்.

"பெரியப்பா, நல்லா கேளுங்க. இது வெறும் பத்திரம். ஒரே மனைக்கு இருபது பேர் ஆளுக்கொரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டோம். அவ்ளோதான். ரத்தமும் இல்ல, மொறையும் இல்ல. அவரு மலைக்காரரு, நீங்க தியாகதுருகம். நீங்க யாரோ, அவரு யாரோ."

"அன்னிக்குப் பங்காளின்னு சொன்னியே?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"ஒரு பேச்சுக்கா?"

"ஆமா. உங்களுக்குப் புரியட்டும்னு சொன்னேன். கூட்டம் இருந்துது, நேரம் இல்ல."

அவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டி எட்ட வைத்துக்கொண்டு பார்த்தார். "அப்ப நீ யாரு எனக்கு?"

எனக்கு வேகம். கல்யாணம் நிற்கக் கூடாது என்கிற ஒன்றுதான் மண்டைக்குள். "நானும் யாரோதான், பெரியப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்ன வாக்கியத்தின் கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது.

அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. "இதுல யாரு பேரு இருக்குது?" என்று கேட்டார்.

"உங்க பேரு மட்டும்தான். பெரிம்மா பேரு இல்ல. மணிமொழி பேரும் இல்ல. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தமே இல்ல" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "சரிம்மா. போ" என்றார். நான் கீழே இறங்கிப் போய்த் தங்கமணியிடம் இறக்கிவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மாலை நான்கு மணிக்கு மலையிலிருந்து வேன் வந்தது. வேடியப்பனின் தம்பியும் இன்னொருவரும் இறங்கினார்கள். இரண்டு பேரும் கிழவர்கள். லிஃப்டில் கொண்டுவரக் கூடாது என்று ஏற்கெனவே மூன்று வீட்டுக்காரர்கள் எனக்கு மெசேஜ் போட்டிருந்தார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் ஸ்ட்ரெச்சர் அதில் நீளவாக்கில் நுழையாது. படியில்தான் இறக்க வேண்டும். அந்தக் கிழவர்கள் இரண்டு பேர், டிரைவர், எங்கள் வாட்ச்மேன் ஆக நான்கு பேர். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. சாய்த்தால் உடம்பு நழுவுகிறது, தூக்கினால் சுவரில் இடிக்கிறது. அந்தத் தளத்தில் என் கதவைத் தவிர மற்ற நான்கு கதவும் சாத்தியிருந்தது. நான் செயலாளராகப் போய் ஒவ்வொரு காலிங்பெல்லாக அடித்தேன். உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது, கதவு திறக்கவில்லை.

அப்போது மேலிருந்து ராமசாமி இறங்கி வந்தார். சட்டை இல்லை, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். முன்பக்கத்துக்கு வந்து, தலைமாட்டைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். "மெதுவா. நான் பின்பக்கமா அடி வெச்சு எறங்கறேன். நீங்க எறங்குங்க" என்றார். அறுபத்தெட்டு வயது மனுஷர் பின்னோக்கி ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். மேலே படிக்கட்டின் வளைவில் தங்கமணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "தொட்டுட்டாரே, ஐயோ தொட்டுட்டாரே" என்று அவள் முனகுவது எனக்குக் கேட்டது.

வேன் போன பிறகு ராமசாமி வாட்ச்மேன் அறைக் குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு என்னைக் கூப்பிட்டு, சம்பந்தி நம்பருக்குப் போன் போடச் சொன்னார். காது மந்தம் என்பதால் அவருக்கு ஸ்பீக்கரில்தான் கேட்கும். தங்கமணி என் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சம்பந்தி, எங்க பங்காளி ஒருத்தரு தவறிட்டாருங்க."

"அடடா. யாருங்க, உங்க அண்ணனா?"

"இல்லீங்க. மூணாவது மாடி."

"மூணாவது மாடின்னா?"

"வேடியப்பன்னு பேரு. வெள்ளிமலைப் பக்கம்."

"மலைக்காரரு உங்களுக்கு எப்படிங்க பங்காளி?"

"ஒரே மண்ணுங்க. பாகம் பிரிக்கல."

தங்கமணி என் தோளைக் கிள்ளினாள். எனக்குச் சதையே பிய்ந்துபோனது போல இருந்தது.

"கல்யாணம் நிக்காதுங்க" என்றார் ராமசாமி. "பத்திரத்துல என் பேரு மட்டும்தான் இருக்குது. தீட்டு எனக்கு மட்டும்தான். பொண்ணுக்கோ அவ அம்மாவுக்கோ சம்பந்தமே இல்ல. நான் மண்டபத்துக்குள்ள கால வெக்கமாட்டேன். என் தம்பியும் அவன் பொஞ்சாதியும் தாரை வார்ப்பாங்க. உங்களுக்குச் சம்மதம்னா வெள்ளிக்கிழம அப்படியே நடக்கட்டும்."

"இது இன்னாங்க வழக்கம்? நான் கேள்விப்பட்டதே இல்லியே!"

"கட்டடத்து வழக்கம்ங்க."

"ஓ, கட்டடத்து வழக்கமா" என்றார் அவர். அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்கும் சத்தம். பிறகு, "சரிங்க. உங்க வழக்கத்துக்குள்ள நான் இன்னா சொல்றது? நடக்கட்டும்" என்றார்.

தங்கமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. புருஷனுக்குத் தீட்டு என்றால் பெண்டாட்டிக்கும் தீட்டு, அதுதானே ஊர் வழக்கம்? இவரோ, பத்திரத்தில் பெயர் இல்லை என்று அவளை விலக்கிவிட்டார். ஊர் வழக்கத்தில் பாதி, பத்திரத்தில் பாதி எடுத்து, இந்த மனுஷர் மொட்டைமாடியில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறார். நான் அவரிடம் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டாரா, தள்ளிவிட்டாரா? பத்திரம் எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்து குதித்தார். "மலைக்காரனுக்கு நீ இன்னாத்துக்குத் தீட்டு காக்கற? பதினோரு மாசமா மூஞ்சியே பாக்காதவன்! பைத்தியமா புடிச்சிருக்குது?"

"உன்கூட நான் ஆறு வருசம் பேசல. அதுக்காவ நீ செத்தா காக்கமாட்டேனா?" என்றார் ராமசாமி. அந்த மூன்று நாளும் ராமசாமி வீட்டுக்குள் நுழையவில்லை. மொட்டைமாடியில் படுத்து எழுந்தார். மணிமொழி சாப்பாட்டுத் தட்டைக் கடைசிப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வருவாள். அப்பாவின் மேல் அவளுக்குக் கோபம், எனக்குத் தெரியும். "ஒரு நாள்தானே அக்கா, எனக்காக ஒரு நாள் இல்லன்னு நெனச்சுக்கக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. கட்டடத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். பட்டு கட்டி, பூ வைத்து, முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கதவைத் திறக்காத வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். வண்டி நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் புங்கமரத்தடியில் ராமசாமி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். சாதாரண வெள்ளை வேட்டி, மூன்று நாள் தாடி. மண்டபத்துக்கு வந்தவர் ஒருவர் அவரை வாட்ச்மேன் என்று நினைத்து வண்டியை எங்கே விடுவது என்று கேட்டார். அவரும் கையைக் காட்டி இடம் சொன்னார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. அவர் கணக்குப்படி பார்த்தால் அதே மண்ணுக்கு என் பெயரிலும் ஒரு பத்திரம் இருக்கிறது, எனக்கும் தீட்டுதான். உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற எல்லோர் பெயரிலும் இருக்கிறது. ஏன் தீட்டு காக்கவில்லை என்று ஒருவரையும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாதஸ்வரம் வேகமெடுத்தது, முகூர்த்தம் நெருங்கிவிட்டது. நான் அப்படியே நின்றேன்.

"நீ ஏம்மா இங்க நிக்கற?" என்றார்.

"இருக்கட்டும், பெரியப்பா. உங்ககூட நிக்கறேன்."

"அதெல்லாம் வேணாம். உனக்குத்தான் ஒண்ணுமில்லியே. நீயே சொன்ன, யாரோதான்னு. நீ தாராளமா உள்ள போலாம்." அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குரலில் அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு உபகாரம் செய்வது போலத்தான் சொன்னார். பிறகு கையால் கண்ணுக்கு நிழல் பிடித்து மண்டப வாசலைப் பார்த்தார். வாசலில் கூட்டம் மறைத்தது. "இங்கருந்து ஒண்ணும் தெரியல. தாலி கட்டற நேரம். போய் புள்ள மூஞ்சியப் பாத்துட்டு வந்து சொல்லும்மா. அழுவுதா, சிரிக்குதான்னு."

போனேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது. சித்தப்பாவும் சித்தியும் பின்னால் நிற்க, மணிமொழி தலையைக் குனியாமல் எங்கள் எல்லோர் தலைக்கும் மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. துடைக்கக்கூட இல்லை.

வெளியே வந்தேன். அவர் மரத்தடியிலிருந்து ரோட்டின் ஓரம் வரை வந்துவிட்டிருந்தார், அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

"சிரிக்குது, பெரியப்பா" என்றேன்.